புடாபெஸ்ட்டிலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

நான் நலம். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் முடிந்ததா, பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறார்களா என்று விவரமாக எழுது. குடைக்காரிக்குப் பையன் பிறந்த சேதி கிடைத்தது. யார் ஜாடை என்று மட்டும் அவளிடம் கேட்டுத் தொலைக்காதே, அப்புறம் தெரியும்!

விஷயத்துக்கு வருகிறேன். "தனியாகப் போகிறாயே, பேச்சுத்துணைக்கு யாருடி?" என்று கேட்டாய் அல்லவா? நீ கிண்டலாகக் கேட்டாலும் உன் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம்தான். வந்த புதிதில் டான்யூப் கரையோரம் போகிற 2-ம் நம்பர் டிராமில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பிரம்மாண்டமான பார்லிமென்ட் கட்டடம். "ஏய், அங்கே பாரு!" என்று தோளை இடிக்கப் பக்கத்தில் ஆளில்லை. தொண்டையை அடைத்தது.

நான் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் (நம் ஊர் மாணவர் விடுதி இல்லை, ஊர்சுற்ற வருகிறவர்கள் தங்குகிற இடம்) பெரிய ஹால் உண்டு, சோபா உண்டு. ஆனால் அங்கே ஆளுக்கொரு போன். ராத்திரி கூட்டமாக பார் பாராகச் சுற்ற அழைத்துப் போவார்கள். அந்தச் சத்தத்தில் கத்திச் சொன்ன பேர் விடிந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நட்பு பிடிக்கிற இடம் சமையலறைதான் மாலதி. அங்கே ஓர் அலமாரி. கிளம்பிப் போனவர்கள் விட்டுப்போன பாதி எண்ணெய், உப்புப் பொட்டலம், பாஸ்தா, மிளகாய்த்தூள் எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் உள்ளதில் மட்டும் அவரவர் பேரும் கிளம்பும் தேதியும் ஒட்டியிருக்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த போர்ச்சுகல் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே மூடி எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தாள், நான் பாத்திரம் கழுவினேன்.

உன் கூச்ச சுபாவத்தைக் காரணம் காட்டித்தானே நீ எங்கேயும் கிளம்பாமல் இருக்கிறாய்? கேள். இங்கே வாயாடிகளுக்குத்தான் சிநேகிதம் கிடைக்கிறது என்றில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வருகிறது. வேலை இல்லையென்றால் விளையாட்டு. செச்செனி என்று ஒரு வெந்நீர்க் குளியல் மாளிகை, 1913-ல் திறந்தது. மஞ்சள் கட்டடம், நடுவே திறந்தவெளிக் குளம். குளிர்காற்றில் ஆவி பறக்கிற தண்ணீரில் மார்பளவு நின்றுகொண்டு பெரியவர்கள் செஸ் ஆடுகிறார்கள்! நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு தாத்தா எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் "குகேஷ்!" என்று இரண்டு விரலைக் காட்டினார். 2024 செப்டம்பரில் செஸ் ஒலிம்பியாட் இதே ஊரில்தானே நடந்தது, பொதுப்பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம் நமக்குத்தானே! நான் விடுவேனா? "யூதித் போல்கார்" என்றேன். 1991-ல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டராகி, பாபி ஃபிஷர் சாதனையை முறியடித்தவர், இந்த ஊர்ப் பெண். தாத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னை ஆடச் சொன்னார். நான் பிஷப்பைத் தவறாக நகர்த்தியதும், ஈர விரலால் அதைப் பழைய கட்டத்திலேயே வைத்து என் குதிரையைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் எனக்கும் பொதுவாகப் பத்து வார்த்தை தேறாது. மதியம் முழுக்க ஆடினோம்.

எல்லோரையும் நம்புகிறேன் என்று நினைத்துப் பதறாதே. வாட்சி தெருப் பக்கம் சிரித்துப் பேசி ஏதாவது ஒரு பாருக்குக் கூட்டிப்போய், தலை சுற்றும் பில்லை நீட்டவைக்கிற கும்பல் உண்டு என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதனால் இடத்தை நான்தான் சொல்வேன். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். எந்த ஹாஸ்டல் என்பதைப் புதியவர்களிடம் சொல்வதில்லை. "இப்பவே வா, பக்கத்தில்தான்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

ஆனால் "பயண சிநேகம் ரயிலோடு போச்சு" என்று உன் அண்ணன் சொல்வாரே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஐம்பது மணி நேரம் போல ஆகிறதாம், நண்பர் என்று சொல்லத் தொண்ணூறு, நெருக்கமாக இருநூறுக்கும் மேலே. ஆபீஸில் தினம் கால் மணி நேரம் காபி குடிக்கிறவளோடு அந்த ஐம்பது சேர எத்தனை மாதம் ஆகும், கணக்குப் போடு. நானும் அந்தப் போர்ச்சுகல் பெண்ணும் காலையில் எழுந்து மார்கிட் தீவைச் சுற்றி நடந்து, துணி துவைத்து, சமைத்து, சாப்பிட்டு, படுக்கிறவரை சேர்ந்தே இருந்தோம். ஒரே நாளில் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நாலைந்து நாளில் அது எங்கே போய் நிற்கும்?

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசி வாரத்தைப் பற்றி அவளிடம் பேசினேன். உன்னிடம்கூடப் பேசாததை. உனக்கு அப்பாவைத் தெரியும். நீ அழுவாய், உன்னைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவர் பேரென்ன?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் அந்தப் பேர் என்னமோ மாதிரி வந்தது, ஆனாலும் இரண்டு தடவை சொல்லிச் சரிபண்ணிக்கொண்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நேரில் வந்ததும் உனக்கும் எல்லாவற்றையும் சொல்கிறேன். இப்போது எனக்குத் தெம்பு இருக்கிறது, நீ அழுதால் அழு.

அவள் நேற்று கெலெட்டி ஸ்டேஷனில் வியன்னா ரயில் ஏறிவிட்டாள். எழுதுவாளா, தெரியாது. எழுதாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

டீச்சரம்மா, உனக்காக ஒன்று: இந்த ஹாஸ்டல் யோசனையே ஒரு வாத்தியாருடையது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான், 1909-ல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார். லீவில் சும்மா கிடக்கிற பள்ளிக்கூடங்களை இப்படித் தங்கக் கொடுத்தால் என்ன என்று தோன்றியதாம். 1912-ல் ஆல்டெனா கோட்டையில் நிரந்தர ஹாஸ்டலே வந்துவிட்டது. உனக்கும் வருஷா வருஷம் லீவு வருகிறது, நீ என்ன செய்கிறாய்? அலமாரியைத் துடைக்கிறாய்.

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்றாயே, இந்த மாதமே புதுப்பிக்கக் கொடு. என்னோடு வர வேண்டாம், தனியாகப் போ. எந்த ஊர் என்று முடிவுசெய்து எழுது, மற்றதை நான் பார்த்துத் தருகிறேன்.

உன்,
வசந்தி