தோட்டத்து வீட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீகத் தோட்டத்து வீட்டின் மராமத்து வேலை முடிந்துவிட்டது.

முதல் நன்றி கொத்தனார் ஐயாவுக்கு. சுவரின் அடிப்பகுதி மூன்றடி உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்ததற்கு, சுண்ணாம்புச் சுவர்மேல் பின்னாளில் பூசிய சிமெண்டுதான் காரணம் என்று தட்டிப் பார்த்தே சொன்னார். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டு உள்ளே அடைத்து வைக்கும், உப்புப் பூத்துச் செங்கல்லையே தின்றுவிடும். பிடிவாதமாக நின்று அத்தனையையும் கொத்தி எடுக்கவைத்தார். வீடு பிழைத்தது அதனால்தான்.

சுண்ணாம்பு நீற்றிய அக்காமார்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சுட்ட கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, 15 நாள் தண்ணீருக்கடியிலேயே வைத்திருந்தார்கள். நீறாத குருணை ஒன்று தங்கினாலும் பூசிய பிறகு ஊதி வெடித்து, அம்மைத் தழும்புபோலக் குழி விழும். இன்றைக்குச் சுவரை உள்ளங்கையால் தடவினால் ஒரு குழி தட்டுப்படாது. பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கிடையாது. வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு கட்டி, பத்து நாள் தண்ணீர் தெளித்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பனஞ்சட்டங்களில் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். ஆசாரி முனையை மட்டும் அறுத்து ஒட்டுப்போட்டு, காற்றோட்டத்துக்குச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டார். நல்ல சட்டம் ஒன்றும் வீணாகவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் சொல்லித்தான் வீட்டின் அமைப்பே விளங்கியது. 1895-இல் பெரியாறு அணை திறந்து, வைகை ஆற்றுப் பேரணையிலிருந்து கால்வாய்த் தண்ணீர் மேலூர்ப் பக்கம் வந்த பின் நெல் பெருகியது. நெல் சேர்த்து வைக்கும் குதிர் அறை அதற்காகச் சேர்த்தது. அதற்கு முந்தியது, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணறு. மாடு வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும் சரிவு, ஏறக்குறைய தண்ணீர் கிடக்கும் ஆழத்தளவு நீளம் வேண்டும். தொழுவம் அவ்வளவு தள்ளி இருப்பது அதற்காகத்தான். கிணற்றை மூடிவிடாதீர்கள் என்று தடுத்தவர்களும் அவர்களே. தூர் வாரிவிட்டோம், கமலைக் கற்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. தண்ணீர் மூடியிருக்கும்வரை கெடாது. பழைய சுவர் வைத்திருப்பவர்கள் வாளியோடு வந்து அள்ளிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வீட்டுக் குடும்பத்தார்