சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நலம். இங்கே மலேசியாவில் மாலையானால் மழைதான். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர் மரங்களாம்; இப்போது பார்க்கும் திசையெல்லாம் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டு நம்மவர்கள் பலர் வெளியேறிவிட்டார்கள். ஆனாலும் காலையில் எங்கள் கடைக்குத் தேநீர் குடிக்க வரும் பெரியவர்கள் பேச்செல்லாம் தோட்டத்தைப் பற்றித்தான். 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்தில்தான் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் 1960 வரை ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம். ஊரடங்கும் முள்வேலியுமாக இருந்த கதையைத் தாத்தாக்கள் சொல்லும்போது, மேலே இருப்பவன் நம்புவது கீழே எத்தனை பேர் தலையில் விடிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் உன் கடிதத்தில் அமெரிக்க அதிபர் லிங்கனைப் பற்றி எழுதியிருந்தது மனதிலேயே நிற்கிறது. அடிமைகளை விடுவித்தது வெறும் போர்த் தந்திரம், மனசாட்சிக்கு அதில் இடமில்லை என்கிறாய். உன் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில், 1861இல் மிசூரியில் லிங்கனின் தளபதி ஃப்ரீமாண்ட் அடிமைகளை விடுவித்தபோது, அடிமைமுறை இருந்தும் வடக்கோடு நின்ற கென்டக்கி மாநிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சி லிங்கனே அதை ரத்து செய்தார். அடிமைமுறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை என்று 1864இல் எழுதியவர், அந்தச் சொந்த எண்ணத்தின்படி நடக்கப் பதவி தனக்கு உரிமை தரவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார்.

சரி, ஆனால் நீ தொடக்கத்தை மட்டும் பார்க்கிறாய். 1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் போருக்குப் பிறகு, கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அமைச்சர்களிடம் சொல்லித்தான் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராத மனிதர் அவர். அப்புறம் 1864 ஆகஸ்ட். போர் இழுத்துக்கொண்டே போகிறது, மக்கள் சலித்துவிட்டார்கள். அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டுத் தெற்கோடு சமாதானம் பேசுங்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்குகிறார்கள். தேர்தலில் தோற்பேன் என்று ஆகஸ்ட் 23 அன்று அவரே எழுதி வைத்தார். மறுநாள் விட்டுக்கொடுத்து ஒரு கடிதம் வரைந்தும் பார்த்தார். அனுப்பவில்லை. நமக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களைத் திரும்ப அடிமைகளாக்கினால் எனக்கு இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பில்லை என்று அந்த நாட்களில்தான் சொன்னார்.

வெறும் தந்திரக்காரராக இருந்திருந்தால் அங்கே பின்வாங்கியிருப்பார், தம்பி. நம்பிக்கை அவரை வேகமாக ஓட வைக்கவில்லை. திரும்பிப் போக விடவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் தெற்கின் அட்லாண்டா நகரம் வடக்குப் படையிடம் விழுந்த பிறகுதான் காற்று திரும்பியது. அது அவருக்கு முன்பே தெரியாது.

அந்த ஆகஸ்ட் மாதத்தை நன்றாகப் படித்துவிட்டு எழுது. மறுப்பு இருந்தால் அதையும் எழுது. அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்