குருதி தந்த தாய்மார்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பேறுகால உயர் இரத்த அழுத்தத்தில் வெள்ளை அணுக்கள் எவ்வாறு தூண்டப்படுகின்றன என்ற என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவுற்றுள்ள இவ்வேளையில், அதற்குத் தம் குருதியைத் தந்த குடியாத்தம், அணைக்கட்டு, கணியம்பாடி, காட்பாடி வட்டாரத் தாய்மார்களுக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டிச் சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அதனை முன்சூல்வலிப்பு என்கிறோம். போதிய இரத்தம் பாயாத நஞ்சுக்கொடியிலிருந்து நுண்துகள்களும் புரதங்களும் தாயின் குருதியில் கலக்கும்போது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் கிருமி ஏதும் இல்லாமலே சீற்றங்கொண்டு, இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி, எலாஸ்டேஸ் போன்ற நொதிகளை உமிழ்ந்து அதன் உட்படலத்தைப் புண்படுத்துகின்றன.

நோயின்றி நலமாயிருந்தும் குருதி தந்த கர்ப்பிணிகளை நான் தனித்துக் குறிப்பிட வேண்டும். இயல்பான கர்ப்பத்திலேயே வெள்ளை அணுக்கள் ஓரளவு தூண்டப்படுகின்றன என்பதையும், முன்சூல்வலிப்பில் அது இன்னும் மிகுகிறது என்பதையும் சாக்ஸ், ரெட்மன் முதலிய ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1998-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே நலமான தாயின் குருதி பக்கத்தில் இல்லாவிட்டால், நோயுற்ற தாயின் குருதியில் காண்பது எதுவும் பொருள்படாது. "இருக்கிற ரத்தமே பத்தலியே, இதுல உங்களுக்கு வேற குடுக்கணுமா" என்று கேட்ட மாமியாரின் கவலை நியாயமானதே. விவரத்தைக் கேட்டறிந்த பின் மருமகளின் கையைத் தாமே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரும் அவர்தான்.

பிரசவ அறைச் செவிலியர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை உயர்த்திவிடும். பிரசவ வலியும் அவ்வாறே. எனவே ஊசிக்கும் வலிக்கும் முன்பாக, அதே வேளையில் சிகிச்சை ஒரு நிமிடமும் தாமதப்படாமல், மாதிரியை எடுத்தாக வேண்டியிருந்தது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் மருந்தைத் தயார்செய்யும் பரபரப்புக்கிடையிலும், ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல், அணுக்கள் அலைக்கழிந்து தாமாகவே தூண்டப்பட்டுவிடக் கூடாதென்று, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தித் தந்த அந்தக் கைகளின் பொறுமைதான் என் முடிவுகளுக்கு உயிர்.

நள்ளிரவில் வந்த மாதிரியையும் விடியும்வரை வைத்திராமல் அணுக்களை ஒவ்வொன்றாக அளந்தறியும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஏற்றிய ஆய்வக நண்பர்களுக்கும், வீடுவீடாகச் சென்று ஒப்புதல் படிவத்தைப் படித்து விளக்கிய கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், என் நெறியாளருக்கும் நன்றி.

அழுத்தம் இருந்த தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுமுறை கருவுற்றால் முதல் பரிசோதனையிலேயே பழைய அட்டையைக் காட்டுங்கள். தகுந்தவர்களுக்கு 16 வாரங்களுக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது. பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு உங்களுக்குக் கூடுதல் என்பதால், பிள்ளை வளர்ந்த பின்னும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவி,
வேலூர்