மோடத்தில் ஏறும் எண்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எஃப்இசி ஆயிரக்கணக்கில் ஓடுகிறதே, லைன் பழுதா?" என்று பலர் கேட்கிறீர்கள். பழுதில்லை. அது மோடம் தானே திருத்திக்கொண்ட பிழைகளின் கணக்கு. கண் வைக்க வேண்டியது சிஆர்சி எண்ணில்தான். திருத்த முடியாமல் போனவை அதில் ஏறும்.

தொலைபேசிப் பேச்சுக்காக இழுத்த செப்புக் கம்பியில், அதே கம்பி வழியே இணையம் தரும் ஏடிஎஸ்எல் முறை 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் அனுப்புகிறது. பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் மட்டமான சார்ஜரைச் செருகினாலும் கம்பியில் இரைச்சல் ஏறிவிடும். அதனால் அனுப்பும்போதே சரிபார்ப்பு பைட்டுகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960இல் வெளியிட்ட முறை இது. 239 பைட் தரவுக்கு 16 சரிபார்ப்பு பைட் என்று வைத்தால் ஒரு தொகுதிக்கு 255 பைட். அதில் எந்த 8 பைட் கெட்டாலும், கெட்டது எது, அங்கே இருந்தது என்ன என்ற இரண்டையும் மோடம் கணக்குப் போட்டே மீட்டுவிடும். மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எங்களுக்கு வியப்பு தீராத கணக்கு இது.

ஆனால் இரைச்சல் ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துக் கெடுப்பதில்லை, கொத்தாக அடிக்கும். சிக்னலின் ஒரு துண்டு 250 மைக்ரோவினாடி. வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் அதற்குள் 250 பைட் போய்விடும். சுவிட்சைத் தட்டும்போது கிளம்பும் ஒரு பொறி அந்தத் துண்டை அழித்தால், 8 பைட் திருத்தும் வசதி எந்த மூலைக்கு? இதற்காகத்தான் பல தொகுதிகளின் பைட்டுகளைக் கலைத்து அனுப்பி, மறுமுனையில் மீண்டும் அடுக்குகிறார்கள். இதன் பெயர் இன்டர்லீவிங். எத்தனை தொகுதிகளைக் கலக்கிறோம் என்பதே ஆழம். அதை 64 என்று வைத்தால், அழிந்த 250 பைட் பல தொகுதிகளுக்குப் பிரிந்துபோய், ஒவ்வொன்றின் பங்குக்கும் நாலு பைட் அளவுதான் வரும். மோடம் சுலபமாகத் திருத்திவிடும்.

இதற்கு விலை தாமதம். மேலே சொன்ன கணக்கில் சுமார் 16 மில்லிவினாடி. விளையாடுகிறவர்கள் "பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) குறைய வேண்டும், இன்டர்லீவிங்கை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பது இதனால்தான். சுத்தமான லைன் என்றால் கேட்டவுடன் எடுத்துத் தருகிறோம். சிஆர்சி ஏறுகிற லைனில் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தொலைந்த பாக்கெட்டை, அதாவது தரவுப் பொட்டலத்தை, மறுபடி வரவழைக்கும் நேரம் பெரும்பாலும் அந்த 16 மில்லிவினாடியைத் தாண்டிவிடும். விளையாட்டிலும் பேச்சிலும் அதற்குக் காத்திருக்கவே முடியாது. 2010இல் வந்த ஜி.998.4 தரப்படி, கெட்ட துண்டை மட்டும் மோடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். இரு முனைக் கருவிகளும் அதை ஏற்குமானால் நாங்கள் அதைத்தான் போடுவோம்.

ஈரம் இறங்கிய இணைப்பையும் தளர்ந்த முனையையும் பிழை திருத்தும் எந்தக் குறியீடும் சரிசெய்யாது. சிஆர்சி விடாமல் ஏறினால் அழையுங்கள். எந்த நேரத்தில் ஏறுகிறது என்றும் குறித்து வையுங்கள். தினமும் அதே நேரம் என்றால், கம்பியைத் தொடும் முன் அந்த நேரத்தில் ஓடும் சாதனங்களைத்தான் முதலில் பார்ப்போம்.

இப்படிக்கு,
லைன் பராமரிப்புக் குழு