லெனேசியாவில் வண்டி ஏன் தயங்குகிறது

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாண வீட்டு அலுப்பு தீர்வதற்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், சந்தோஷம். சம்பந்தி வீட்டார் மனம் நிறைந்து போனார்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். இங்கே எல்லாரும் சுகம். பேரன் சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குப் போகிறான். உன் பெயரை எழுதிக் காட்டினான்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். டர்போ ஹோஸ் மாற்றிய பிறகும் ரோபோ சிக்னலில் பச்சை விழுந்து மிதித்தால் உன் பிக்கப் வண்டி கொஞ்சம் தயங்கித்தான் கிளம்புகிறது, டர்பனில் இப்படி இல்லையே என்கிறாய். கன்வெர்ட்டரை மாற்றச் சொன்ன அந்த ஒர்க்‌ஷாப்காரர் பேச்சு மறுபடி உன் மனதைக் குடைகிறது. வேண்டாம். இஞ்சின் இழுவையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற உன் டார்க் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. நான் அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை நீ பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். நான் உன் மகனைச் சீட்டில் உட்கார வைத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஸ்டால் பார்த்தேன். கன்வெர்ட்டருக்குள் எதிரெதிரே இரண்டு விசிறி, சுற்றிலும் ஆயில். ஒன்று இஞ்சினோடு சுற்றும், மற்றது கியர்பாக்ஸோடு. பிரேக்கை அழுத்தி டி-யில் போட்டால் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி நின்றுவிடும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இஞ்சின் ஓர் அளவுக்கு மேல் ஏறாது, ஆயிலே பிடித்து நிறுத்திவிடும். அந்த அளவுதான் ஸ்டால். ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்வது.

டர்போ என்பது இஞ்சினின் புகைக்காற்றால் சுற்றி, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். டர்போ இல்லாத வண்டியில் ஸ்டால் ஒரே எண். டர்போ வண்டியில் முள் ஓர் இடத்தில் போய் நிற்கும், அப்புறம் பூஸ்ட் சேரச் சேர மெல்ல மேலே ஏறும். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஏறுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

உன் வண்டி இங்கே இருந்தபோது என் நோட்டில் எழுதி வைத்தது: முதலில் 1,800, பிறகு 2,300. ஜொகன்னஸ்பர்க் பக்கம் உன் லெனேசியாவில் அன்று 1,650-க்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் கறுப்புப் புகை. பானெட்டைத் திறந்து கேட்டால் உஸ்ஸென்று ஒரு சத்தம். டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி, ஈரமாக ஆயில் படிந்திருந்தது. விரலால் வளைத்தேன். நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல். இஞ்சின் சும்மா ஓடும்போது உதடு மூடியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். பூஸ்ட் அழுத்தும்போது மட்டும் வாய் திறக்கும். கண்ணால் பார்த்துவிட்டு ஹோஸ் நன்றாயிருக்கிறது என்று சொன்ன அந்த ஒர்க்‌ஷாப்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளக்காமலே பெரிய செலவை உன் தலையில் கட்டப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

புது ஹோஸ் போட்டதும் 1,650-இல் தொடங்கி 2,250 வரை ஏறியது. கன்வெர்ட்டருக்குள் இரண்டு விசிறிக்கும் நடுவே ஆயிலைத் திருப்பிவிடுகிற ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் வழுக்கியிருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது. கியர்பாக்ஸ் கிளட்சுகள் தேய்ந்திருந்தால் 2,300-ஐயும் தாண்டிப் போயிருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

அப்படியானால் மிச்சமிருக்கும் தயக்கம்? அது நீ குடியிருக்கும் உயரம். ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,750 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். டர்போ விழிக்கும்வரை இஞ்சின் அந்தக் காற்றை வைத்துத்தான் இழுக்க வேண்டும். இழுவை நாலு மடங்கானால்தான் ஸ்டால் இரண்டு மடங்காகும் என்பது கன்வெர்ட்டரின் கணக்கு. அதனால் இழுவை ஆறில் ஒரு பங்கு குறைந்தால் ஆர்பிஎம் நூற்றுக்கு ஒன்பது குறையும். 1,800-இலிருந்து 1,650. நோட்டில் இருப்பதும் அதுவேதான், பார்.

டர்போ சுற்ற நிறையப் புகைக்காற்று வேண்டும். அதற்கு இஞ்சின் வேகம் ஏற வேண்டும். இஞ்சின் ஏற பூஸ்ட் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை. கடற்கரையில் அந்த முடிச்சு சட்டென்று அவிழும், உன் ஊரில் கொஞ்ச நேரம் பிடிக்கும். பூஸ்ட் வந்துவிட்டால் உயரத்தின் குறையை டர்போ பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அதனால்தான் கடைசி எண்ணில் ஐம்பதுதான் வித்தியாசம்.

ஹை ஸ்டால் கன்வெர்ட்டர், அதாவது ஸ்டால் எண் கூடுதலானது, போட்டால் தயக்கம் போகும் என்று யாரோ சொன்னார்களாமே. போகும், உண்மைதான். ஆனால் நீ பிரியாணி தேக்சாவும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிய ட்ரெய்லரை இழுக்கிறவன். அதில் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் சூடு கூடும். ஸ்டாலில் இஞ்சின் சக்தி முழுவதும் ஆயிலுக்குச் சூடாகப் போகிறது. 2,250-இல் 300 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் 70 கிலோவாட், அதாவது 35 கெட்டிலை ஒன்றாகப் போட்ட மாதிரி. அதனால்தான் உன் மகனிடம் ஐந்து விநாடிக்கு மேல் மிதிக்காதே என்று கத்தினேன், பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓடவிட்டேன். நீங்கள் தனியாக இதைச் செய்து பார்க்க வேண்டாம். வான் ரீனன் கணவாயில் ட்ரெய்லரோடு ஏறும்போது கீழ்க் கியரை நீயே போட்டுக்கொள். இரண்டு விசிறியையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்-அப் பிடித்திருந்தால் ஆயில் சூடாகாது.

இன்னொன்று, படித்ததும் உனக்குச் சொல்ல நினைத்தேன். கன்வெர்ட்டருக்கு ஜெர்மனியின் ஃபோட்டிங்கரும் டர்போவுக்குச் சுவிட்சர்லாந்தின் பூஹியும் 1905-இல், ஒரே ஆண்டில், காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பூஹியினுடையது நவம்பர் 16. நம் பாட்டன்மார் வந்த ட்ரூரோ கப்பல் 1860-இல் டர்பன் சேர்ந்த அதே தேதி. அன்றிலிருந்து அந்தத் தேதி மனதை விட்டுப் போகவில்லை.

தைப்பூசக் காவடிக்கு வருகிறாய்தானே? பிக்கப்பிலேயே வா. என் முற்றத்தில் நிறுத்தி முள் 1,800 காட்டுகிறதா என்று இரண்டு பேரும் பார்ப்போம். தங்கச்சியிடம் எலுமிச்சை ஊறுகாய் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்