ஒன்பதாவது படிக்கும் உன் மகளுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். அதற்கு வாட்ஸப்பில் பதில் போட மனசு வரவில்லை. அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வாக்கர் இல்லாமலே நடக்கிறார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். என் வீட்டுக்காரருக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது, காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறார். நான் அதே கிளை நூலகத்தில்தான் இருக்கிறேன். ஒரு நல்ல சேதி: ஊர்க்காரர் ஒருவர் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தார். அதோடு விடாமல் ஒரு மர அலமாரியும் செய்து கொடுத்தார். பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார், ஆனால் நான் அதைச் சிறுவர் பகுதியில் வைக்கவில்லை. நீ கேட்டதற்கும் அந்த அலமாரிக்கும் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

சின்னவன் நாலாவது, பெரியவள் ஒன்பதாவது, இரண்டு பேரும் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடுவதில்லை, ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஒரே லிஸ்ட் எழுத முடியாது. சின்னவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பெரியவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சின்னவனுக்கு முதலில் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' கொடு. அலெக்சாந்தர் ரஸ்கின் என்ற ரஷ்ய எழுத்தாளர், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மகளுக்குத் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னதில் பிறந்த புத்தகம். தமிழில் நா. முகம்மது செரீபு மொழிபெயர்த்தார். அதில் அப்பா பெரியவனானதும் என்ன வேலைக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருவார். இரவுக் காவல்காரர், ஐஸ்கிரீம் விற்பவர், விமானி என்று போய், ஒரு கட்டத்தில் நாயாகிவிட ஆசைப்படுவார். அந்தக் கதையை உன் வீட்டுக்காரர் சத்தமாகப் படிக்கட்டும். உன் வீட்டில் அதற்குப் பொருத்தமான ஆள் அவர்தான். படித்து முடித்ததும் "நீங்க சின்னப் பையனா இருக்கும்போது என்ன பண்ணுனீங்க?" என்று உன் மகன் கேட்பான். அதற்குப் பதில் சொல்ல அவர் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய கதை, சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருதை 2023-இல் வாங்கியது. கொஞ்சம் பெரிய புத்தகம்தான், நீ பக்கத்தில் உட்கார்ந்து பாதி பாதியாகப் படித்தால் போய்விடும். கீழடியில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் அல்லவா? கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் இங்கே வரும்போது மதுரையில் இறங்கி அதைப் பார்த்துவிட்டு வரலாம். கதையில் படித்த பொம்மையும் பானையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார்கள். அவன் அரசுப் பள்ளியில்தானே படிக்கிறான்? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் அச்சிட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அவன் பள்ளியிலேயே இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருப்பார்கள். வகுப்பைப் பார்க்காமல் அவனுக்கு எந்தப் படி சரளமாக வருகிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல். இவ்வளவு போதும் அவனுக்கு. மற்றதை அவனே தேடிக்கொள்வான்.

இப்போது பெரியவள்.

நூலகத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக நான் பார்ப்பதைச் சொல்கிறேன். பத்து வயது வரைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாவோ தாத்தாவோ கூட்டிவருவார்கள், மே மாதம் என்றால் தரையில் கால் வைக்க இடம் இருக்காது. ஏழாவது, எட்டாவது போனதும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி புத்தகத்தோடு திரும்பி வருவார்கள், அப்போது அவர்களுக்குக் கதை படிக்க நேரம் இருக்காது. நடுவில் உள்ள அந்த ஆறேழு வருஷம் என்ன ஆனது? ட்யூஷன், செல்போன் என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. சிறுவர் பகுதியில் குட்டி நாற்காலியும் சுவரில் யானைப் படமும் இருக்கும், பதினான்கு வயதுப் பெண் அங்கே உட்காரக் கூச்சப்படுவாள். அதை விட்டு வெளியே வந்தால் நேராகப் பெரியவர்களுக்கான நாவல் அடுக்கு, அறுநூறு எழுநூறு பக்கத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஓர் அடுக்கு கிடையாது. உன் மகள் புத்தகம் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் வயதுக்கான புத்தகத்தை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை.

அதனால்தான் அந்த மர அலமாரியைச் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக வைத்தேன். மேலே எந்தப் பெயரும் எழுதி ஒட்டவில்லை. அதில் பெரும்பாலும் மெல்லிய புத்தகங்கள். எங்களிடம் இல்லாததைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு வாங்கினேன். எந்தப் புத்தகம் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் யாரையும் கேட்பதில்லை. பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டைப் பார்ப்பேன். தேதி முத்திரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தால் அந்தப் புத்தகம் பிள்ளைகள் வாயாலேயே பரவுகிறது என்று அர்த்தம்.

அப்படிச் சீட்டு நிறைந்து, மேலே இன்னொரு சீட்டு ஒட்டிய புத்தகம் 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது, 1981-இல் ஜப்பானில் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி டோட்டோ-சான். புதுப் பள்ளியில் வகுப்பறை எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். சேரப் போன அன்று தலைமை ஆசிரியர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, உன்னைப் பற்றிச் சொல் என்கிறார். அவள் பேசுகிறாள், பேசுகிறாள், நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குச் சின்னப் பிள்ளை புத்தகம் ஆகிவிடாதா என்று நீ யோசிக்கலாம். ஆகாது. பரீட்சையில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகள்தான் அந்த நான்கு மணி நேரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். பெற்றவர்களும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

அடுத்து சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. உன் மகளுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் கொடுக்கலாம் என்றால் நான் இதைக் கொடுப்பேன். கிர்கிஸ் நாட்டு மலைக் கிராமம். தானே தட்டுத் தடுமாறிப் படிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞன், ஒரு பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் தொடங்குகிறான். அங்கே வரும் அல்தினாய், சித்தியின் கொடுமையில் வளரும் அநாதைப் பெண். அவளை உன் மகள் வயதிலேயே ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறவன் தூய்ஷேன்தான். பல வருஷம் கழித்து அவள் பெரிய அறிஞராக, புதுப் பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு ஊருக்கு வருகிறாள். விருந்து நடக்கிறது, வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. அவற்றைக் குதிரையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற தபால்காரக் கிழவர் யார் தெரியுமா? அதே தூய்ஷேன். அந்த இடத்தில் அழாமல் புத்தகத்தைத் திருப்பித் தந்த பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரே நாளில் படித்து முடிக்கிற அளவுதான்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' அதைவிடச் சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வகுப்பில் கேள்வி கேட்டே அடி வாங்கும் ஒரு பெண்ணின் கதையை அவளுடைய ஆசிரியை சொல்கிறாள். ஆனால் இதை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ சமையலறைக்குப் போய்விடாதே. அதன் முடிவு ஒரு சாவு. படித்து முடித்ததும் அவளுக்குப் பேச ஆள் வேண்டும். நீயும் முன்கூட்டியே படித்துவிடு.

செல்போனில் ஜப்பானியச் சித்திரக்கதைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று குறைப்பட்டிருந்தாய். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இருக்கிறது, அந்த வழியிலேயே போகலாம். மர்ஜானே சத்ரபி வரைந்து எழுதிய 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' தமிழில் விடியல் பதிப்பக வெளியீடாக வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே சொன்ன அவருடைய சொந்த வாழ்க்கை வரலாறு. 1980-இல், பத்து வயதில், பள்ளிக்குத் தலையை மூடிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்; அங்கே கதை தொடங்குகிறது. புரட்சி, போர், சிறை எல்லாம் வருகிறது, சில படங்கள் கடுமையானவை. பத்தாவது போகிற வயதுக்குச் சரியாக இருக்கும்.

பையன்களைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் உன் அண்ணன் மகனுக்கு ஆகும் என்று சொல்கிறேன். ஏழாவது படிக்கும் ஒருவன், தாத்தா செய்தித்தாள் படித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டிருப்பவன், அலமாரியைப் பார்த்தபடியே "இதுல சண்டை இருக்கிற புக் எது அக்கா?" என்று கேட்டான். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பிற்பகல், ஒரே ஒரு ஜல்லிக்கட்டு, அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையைப் பிடிக்க வந்திருக்கும் பிச்சி. முதல் சில பக்கங்களில் பேச்சுநடை பிடிபடாமல் நெற்றியைச் சுருக்கினான். அப்புறம் தாத்தா எழுந்து கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. தாத்தா மறுபடி உட்கார்ந்து, படித்த பேப்பரையே இன்னொரு தடவை விரித்துக்கொண்டார்.

பூமணியின் 'வெக்கை' அதற்கு அடுத்த படி. பதினைந்து வயதுப் பையனின் கதை என்றாலும் முதல் பக்கத்திலேயே வெட்டு. பதினொன்றாவது வரட்டும்.

'பொன்னியின் செல்வன்' பற்றி உன் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தாய். படம் வந்த சமயத்தில் எங்களிடம் அதற்குப் பெரிய வரிசையே நின்றது. எங்கள் அடுக்கில் முதல் பாகம் இரண்டு தடவை பைண்டிங் செய்தும் நைந்து கிடக்கிறது, ஐந்தாம் பாகம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. கல்கியில் 1950 முதல் வாரா வாரம் வந்த தொடர்கதை அது. ஒரு வாரம் காத்திருந்து அடுத்ததைப் படித்த வாசகர்களுக்காக எழுதியது. படிக்கும் பழக்கம் இன்னும் வராத பிள்ளையிடம் ஐந்து பாகத்தையும் அடுக்கி வைத்தால் பயந்துவிடும். அவள் நான்கைந்து மெல்லிய புத்தகங்களை முடித்த பிறகு, தானாகக் கேட்டால் கொடு. அப்போது விடமாட்டாள்.

இன்னும் ஒன்று, இதை உரிமையோடு சொல்கிறேன். படித்து முடித்ததும் "கதை என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்காதே. பிடிக்கவில்லை என்று இருபதாம் பக்கத்தில் மூடினால் அப்படியே விடு, அடுத்ததை எடுக்கட்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அந்த நூல் எது என்று கண்டுபிடிக்க நான்கைந்து புத்தகங்களைப் பாதியில் போட்டுத்தான் ஆக வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் பாதியில் போட உனக்கும் மனசு வராது, அவளுக்கும் வராது. நூலகத்தில் எடுத்தால் அந்தச் சுமை இல்லை. நீ கட்டும் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரியாக ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்கள் உன் தெருவுக்குப் பக்கத்தில் அடுக்கில் இருக்கும்போது உன் பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த வாரமே இரண்டு பேர் பெயரிலும் தனித்தனி அட்டை போடு. அவள் அட்டை அவள் கையிலேயே இருக்கட்டும், எதை எடுக்கிறாள் என்று நீ பார்க்க வேண்டாம்.

'முதல் ஆசிரியர்' அங்கே கிடைக்காவிட்டால் எழுது, என் சொந்தப் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். விடுமுறை விட்டதும் நான்கு பேரும் இங்கே வாருங்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, அதனால் வியாழனுக்குள் வந்து சேர்ந்தால் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துப் போக முடியும். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி