1938-லேயே வந்த புதுமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மின்சாரக் கார் கட்டுரை, கதவோடு படிந்திருக்கும் கைப்பிடியை இந்தக் காலத்துப் புதுமை என்கிறது. அமெரிக்காவில் 1938-லேயே அது வந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் மேற்பார்வையில் உருவான பியூக் ஒய்-ஜாப்தான் அந்தக் கார். விற்பனைக்கு அல்ல, மக்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று செய்த ஒற்றை வண்டி. முதல் கான்செப்ட் கார் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைய கார்களில் கால் வைத்து ஏறப் பக்கப்படி இருக்கும், இதில் கிடையாது. முகப்பு விளக்குகள் மின்சாரத்தில் திறந்து மூடும். ஜன்னல் கண்ணாடிகளும் அப்படியே. துணிக்கூரை மடங்கி, பின்னால் உலோக மூடிக்குள் போய்விடும். எனக்குப் பிடித்தது முன்பக்கக் கிரில்: மெல்லிய செங்குத்துக் கம்பிகள், தாழ்வாக, அகலமாக. போருக்குப் பின் வந்த பியூக் கார்களிலும் அந்தச் சாயல் தெரியும். 13 அங்குலச் சக்கரம் போட்டு வண்டியை நன்றாகத் தாழ்த்தியிருந்தார்கள். ஏர்லோ ஆறடிக்கு மேல் உயரம்! அப்புறம், கண்காட்சியோடு அதைப் பூட்டி வைத்துவிடவில்லை. பல ஆண்டுகள் அவரே ஓட்டிக்கொண்டு திரிந்தார்.

- ஒரு வாசகர், மதுரை